ஆடிப்பூரத்தன்று நான் ஒளித்துவைத்த மூங்கில் குழாய்

ஒரு குழந்தையின் சாவுக்கு நான் காரணம். வாந்திபேதி என்றது ஊர். தலையெழுத்து என்றாள் பெற்றவள். இரண்டும் பொய். நான்தான்!

இத்தனை வருஷமாக இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிக்கவேண்டும் என்பதற்காக அன்று. மன்னிக்க நீங்கள் யார்? என்னைத் தர்மவான் என்று கும்பிடாத ஒருவருக்காவது இது தெரிந்திருக்கவேண்டும்... அவ்வளவுதான்.

இராஜபாளையத்தில் நாங்கள் சிலர் கூடி ஒரு தர்ம சபை நடத்தி வந்தோம். கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவன் என்பதால் நான் காரியதரிசி. ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். நாதியற்ற பிணங்களை எடுத்து அடக்கம் செய்தோம். ஆனால் எங்கள் பெருமையெல்லாம் ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் போடும் தண்ணீர்ப்பந்தலில்தான் இருந்தது. வத்திராயிருப்பிலிருந்தும் தேவதானத்திலிருந்தும் வெயிலில் நடந்து வரும் ஜனங்களுக்கு வெட்டிவேர் போட்ட தண்ணீர், மோர், பானகம். முதல் நாளே போய்க் கீற்று வேய்ந்து, பானைகளை மணலில் பதித்துவிடுவோம்.

பந்தலின் பின்புறத்தில் ஒரு மூங்கில் குழாய் கட்டியிருக்கும். ஆறு முழ நீளம். இந்தப் பக்கம் நாங்கள் தண்ணீர் ஊற்றுவோம், அந்தப் பக்கம் சேரி ஜனங்கள் குனிந்து கையேந்திக் குடிப்பார்கள். மற்றப் பந்தல்களில் அதுகூடக் கிடையாது என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டதுண்டு. முகம் சுளிக்கிறீர்களா? உங்கள் ஊரில் மட்டும் எப்படிக் குடித்தார்களாம்?

அந்த வருஷம் பந்தலைப் பார்க்க வெள்ளைக்காரத் துரை ஒருவர் வருவதாக இருந்தது. வரவழைத்தவன் நான். மனுவுக்கு மேல் மனுவாக எழுதி வரவழைத்தேன். எங்கள் பார்வைப் புத்தகத்தில் அவர் கையால் இரண்டு வரி புகழ்ந்து எழுதவேண்டும், அதைக் கண்ணாடி போட்டுச் சபையில் மாட்டவேண்டும் என்பது என் ஆசை. அற்ப ஆசை!

காலையில் பந்தலைச் சுற்றிப் பார்த்தபோது அந்தக் குழாய் என் கண்ணை உறுத்தியது. துரை பார்த்தால் என்ன நினைப்பார்? யாருக்கும் தெரியாமல் அதை அவிழ்த்து, வண்டியில் வைக்கோலுக்கு அடியில் செருகிவிட்டேன். உடைந்துபோயிற்று என்று எல்லாரிடமும் சொன்னேன்.

சபைத் தலைவர் எனக்கு மாமா முறை. "ஒடைஞ்சா என்ன மாப்ள, வேற ஒண்ணு வெட்டிக் கட்டச் சொல்லுங்க. அந்தச் சனங்க என்னத்தக் குடிக்கும்?" என்றார்.

"தொரை போன பொறவு பாத்துக்கிடுவோம் மாமா" என்றேன்.

கேட்டீர்களா? பேதத்தை ஒழிக்கவில்லை நான். பேதத்தின் அடையாளத்தை மட்டும் ஒளித்தேன். அதோடு அவர்களுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தேன்.

உச்சிவேளைக்குத் துரை வந்தார். நாற்காலியில் அமர்ந்து பானகம் குடித்தார். தேர் தெருமுனையில் முட்டிக்கொண்டு நின்றது. அது திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பின்புறம் கருப்பாயி வந்து நின்றாள். தேவதானத்தில் எங்கள் வயலில் நடவு நடுகிறவள். அவள் நட்ட நெல்லைத்தான் என் வீட்டில் பொங்கித் தின்கிறோம். இடுப்பில் ஐந்து வயது மகள் பேச்சி, தலை தொங்கிக் கிடந்தாள். அவ்வளவு தூரத்தையும் அந்த வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள்.

"சாமி, புள்ளைக்கு நாவறண்டு போச்சு. கொழாயக் காணுமே?"

"ஒடைஞ்சு போச்சு. கொஞ்சம் பொறு, தொரை போவட்டும்."

"சரிங்க சாமி" என்று விலகி, மறுபடி வெயிலிலேயே போய் நின்றாள்.

சிறிது பொறுத்து மீண்டும் வந்தாள். "ஒரு கை தண்ணி போதும் சாமி. என் முந்தானையில ஊத்துங்க, புழிஞ்சு குடுத்துக்கிடுதேன்."

முந்தானையில்! அந்த வார்த்தையைக் கேட்டும் என் கை அசையவில்லை. செம்போடு கொடுத்தால் தீட்டு என்று சபையார் பானையைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். எட்ட நின்று ஊற்றினால் துரை பார்த்துவிடுவார். இப்படிக் கணக்குப் போட்டேன், பாவி! எட்டடி தூரம்... ஒரு செம்பை எடுத்துக்கொண்டு எட்டடி நடந்திருந்தால் போதும். எவன் என் காலைக் கட்டினான்? தள்ளிப் போ என்று கையால் சைகைதான் காட்டினேன்.

அந்த நேரத்தில்தான் துரை என்னைக் கூப்பிட்டார். முன்ஷியிடம் கற்ற தமிழில், "வருவோர் அனைவருக்கும் இங்கே நீர் உண்டோ?" என்று கேட்டார்.

"பேதமில்லாமல் எல்லாருக்கும் உண்டு, துரையவர்களே" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

அவர் புத்தகத்தை வாங்கி எழுதினார். இங்கே எல்லாருக்கும் தண்ணீர் வழங்கப்படுவதை நேரில் கண்டேன் என்று எழுதினார். நேரில் கண்டாராம்!

தேர் திரும்பிற்று, துரையும் போனார். நான் வண்டிக்கு ஓடிக் குழாயை உருவிக்கொண்டு வந்தேன். பின்புறத்தில் யாரும் இல்லை. தேடிப் போனேன். வண்டிமாடுகளைக் குளிப்பாட்டும் குட்டையின் கரையில் கருப்பாயி உட்கார்ந்திருந்தாள். பேச்சி தெளிந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயெல்லாம் சேறு.

"பரவால்ல சாமி, புள்ள இங்கன குடிச்சிட்டா" என்றாள் கருப்பாயி.

அப்பாடா என்றுதான் எனக்கு இருந்தது! இதையும் மறைக்கப்போவதில்லை.

மூன்றாம் நாள் தேவதானத்திலிருந்து எங்கள் காவல்காரன் வந்து சொன்னான். பேச்சிக்கு விடியற்காலை வயிறு போகத் தொடங்கி, வெயில் ஏறுமுன்னே எல்லாம் முடிந்துவிட்டதாம். அன்று சாயங்காலம் சபை கூடியது. துரையின் வரிகளை உரக்க வாசித்தவன் நான். கைதட்டினார்கள். மாமா எனக்கு மாலை போட்டார். அந்த மாலையைக் கழற்றி எறிந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது... எறியவில்லை. வீடுவரை போட்டுக்கொண்டு போனேன்.

துக்கம் கேட்கவென்று தேவதானம் போனேன். கருப்பாயியிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன் என்று இன்றும் என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன். களத்துமேட்டில் அவளை வரச்சொன்னேன். வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"நீங்க என்ன செய்வீக சாமி? கொழா ஒடைஞ்சு போச்சு. இல்லைன்னா ஊத்தாம இருப்பீகளா?"

நான் தலையை ஆட்டினேன். ஆம், ஆட்டினேன்! இரண்டு மரக்கால் நெல் அளக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். மகளைக் கொன்றவன் கொடுத்த நெல்லைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் என்மேல் மண்ணை வாரித் தூற்றியிருக்கலாமே! அதற்கும் அவளுக்கு உண்மை தெரியவேண்டும். அந்த உரிமையையும் திருடி வைத்திருக்கிறேன்.

மறு வருஷமும் பந்தல் போட்டோம். ஜனங்களோடு கருப்பாயியும் வந்தாள், இடுப்பில் பிள்ளை இல்லாமல். குழாயின் அந்தப் பக்கம் குனிந்து கையேந்தினாள். நான்தான் ஊற்றினேன். வயிறாரக் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒங்க புள்ளகுட்டிகளுக்கு ஒரு கொறையும் வராது சாமி."

எனக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் நன்றாகவே இருக்கிறார்கள்.