அண்ணி எட்டு வருடம் விற்ற கார்

சென்னையிலிருந்து வந்த அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, காரின் உடம்பு முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனார். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் விழுந்தால், துருவை மறைக்க யாரோ பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முன்பக்கத்திலிருந்து கதவு வரை காந்தம் விழவில்லை. அவர் முகம் மலர்ந்தது. நானும் மூச்சு விட்டேன். அப்போதுதான் பின்னால் நின்றிருந்த அண்ணி சொன்னார்: "அங்க இல்ல தம்பி. இந்தப் பக்கம் வந்து பின்சக்கரத்துக்கு மேல வச்சிப் பாருங்க. துரு அங்கதான் ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரரே ரெண்டு தடவ பட்டி பாத்தாரு." காந்தம் கீழே விழுந்தது. வந்தவர் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனார். அது 2004-ஆம் வருடம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போலும்.

அண்ணி என் கணவரின் அக்கா. கடலூர் செம்மண்டலத்தில் என் மாமனார் விட்டுப்போன மனையில் கிழக்குப் பாதி அவருக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு. அவர் பாதியில் வீடும் கிணறும் இருந்தன. எங்கள் பாதியில் ஒரு பலா மரமும் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட்டும் இருந்தன. ஷெட்டுக்குள் அந்தக் கார். நாங்கள் சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பள்ளிக்கூட வேலை கடலூரில். அந்த வருடம் என் கணவருக்கும் கடலூருக்கு மாற்றல் வந்தது. விடிந்தும் விடியாமலும் இருவரும் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸுக்கு நிற்போம். கடலூரிலேயே வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்றால், "சொந்த மனைய வச்சிக்கிட்டு எதுக்கு வாடக? வண்டி இதோ போயிடும், அந்த எடத்துல வீட்டக் கட்டிக்கிட்டு வந்துடுங்க" என்பார் அண்ணி. அந்த 'இதோ'வை நம்பித்தான் எட்டு வருடம் பஸ்ஸில் போனேன்.

கார் அண்ணியின் கணவருடையது. அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். சர்க்கரை ஆலையில் ஒர்க்ஷாப்பைப் பார்த்துக்கொண்டவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பிய புதுச்சேரிக்காரர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்த அமெரிக்கக் கார் அது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, முன்னால் கம்பி வலையில் ஓடுகிற குதிரை. எங்கள் தெருவில் அதற்குக் 'குதிரை வண்டி' என்றே பெயர். அண்ணன் அதை வாங்கியபோது ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. அதைத் தன் கையாலேயே வலது பக்கம் மாற்றினார். எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் புதுச்சேரி போய்த் திரும்புவதற்குள் டேங்கைக் காலி செய்தது. அதையும் கழற்றிவிட்டு ஒரு வேனின் டீசல் இன்ஜினைப் பொருத்தினார். முறையாக ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியை அதில் உட்காரவைத்து சில்வர் பீச்சுக்கு ஓட்டிக்கொண்டு போவார். சென்னைக்காரர் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் கிணற்றடியிலேயே சாய்ந்தார்; பிறகு எழுந்திருக்கவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது அண்ணிதான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாங்க வருகிறவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை என்னுடையதாயிற்று. பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். சிதம்பரத்து டாக்டர் ஒருவருக்குப் படத்தைக் காட்டியதுமே பிடித்துப்போயிற்று. மனைவியோடு வந்தார். ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தவரிடம் அண்ணி ஜன்னல் வழியாகக் குனிந்து, "மழையில பிரேக் புடிச்சா வண்டி இடது பக்கம் இழுக்கும். வளைவுல அந்தப் பக்கத்துக் கதவு தானா தொறந்துக்கும், அம்மாவ நல்லா புடிச்சிக்கிட்டு உக்காரச் சொல்லுங்க" என்றார். டாக்டர் மனைவி உட்காரவே இல்லை. அன்று பஸ்ஸில் என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அக்கா பொய் சொல்லலயே" என்றார். காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று ஒருமுறை அண்ணியிடமே கேட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

2009-இல் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களைத் தேடித் தேடி வாங்குகிறவர். இந்த மாதிரி வண்டி தென்னிந்தியாவில் இன்னொன்று இருக்குமா என்பதே சந்தேகம் என்றார். துரு பரவாயில்லை, கதவு பரவாயில்லை, ஸ்டியரிங்கைக்கூடப் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு ஒன்று கேட்டார்: கழற்றிய பழைய இன்ஜின் எங்கே? அது இல்லாமல் இந்த வண்டிக்கு மதிப்பே கிடையாது. நான் அண்ணியைப் பார்த்தேன். "அதுவா, சிதம்பரத்துல காலேஜுக்குக் குடுத்துட்டாரு" என்றார் அண்ணி. ஐந்து வருடமாக எனக்குத் தெரியாத செய்தி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேக்கலயேம்மா. அது என்னா வண்டியோட குறையா? நல்ல காரியம்தான செஞ்சிருக்காரு" என்றார்.

நானும் அண்ணியும் பெங்களூர்க்காரரின் காரில் அன்றே சிதம்பரம் போனோம். கல்லூரி எங்கள் வாடகை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தினமும் அதன் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் பஸ் நிலையத்துக்குப் போய்வந்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்து ஆசிரியர் எங்களை மகிழ்ச்சியோடு அழைத்துப் போனார். இன்ஜின் ஒரு இரும்பு ஸ்டாண்டின்மேல் இருந்தது. மாணவர்கள் உள்ளே பார்ப்பதற்காக அதைப் பாதியாக அறுத்திருந்தார்கள். அறுத்த விளிம்புகளில் சிவப்பு, எண்ணெய் ஓடும் வழிகளுக்கு மஞ்சள், தண்ணீர் ஓடும் வழிகளுக்குப் பச்சை. ஆசிரியர் ஒரு கைப்பிடியைச் சுற்றினார். பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. "வருஷா வருஷம் பசங்க இதுலதான் படிக்கிறாங்கம்மா" என்றார். பெங்களூர்க்காரர் எங்களை வாசலிலேயே விட்டுவிட்டுத் தன் காரில் ஏறிப் போனார். அண்ணி மட்டும் ஆசிரியரிடம், மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தெருவில் நின்று நான் கேட்டேவிட்டேன். "அண்ணி, உங்களுக்கு அத விக்கணுமா, வேணாமா? ஒண்ணு சொல்லுங்க." குரல் உயர்ந்துவிட்டது. பூக்கடைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விக்கணும்தான். ஆனா வாங்குறவன் நாளைக்கு நடுரோட்டுல நின்னுக்கிட்டு, எந்த மடையன் இதச் செஞ்சான்னு கேக்கக் கூடாது. செஞ்சவரு பதில் சொல்ல இல்ல. அதனால நான் முன்னாடியே சொல்லிடறேன்." கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மறுநாள் காலையிலும் அதே பஸ்ஸுக்குத்தான் நின்றேன். ஆனால் அதற்குப் பிறகு நானாக யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

2011 கடைசியில் வந்த புயலில் கடலூரில் நின்ற மரங்களைவிட விழுந்தவை அதிகம். ஷெட்டின் கூரை பறந்தது. பலா மரம் காருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. காரின்மேலேயே விழுந்திருக்கலாமே என்று நான் நினைத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பொங்கல் கழிந்து மரத்தை விலைபேச பெண்ணாடத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். கல்யாண ஊர்வலத்துக்குக் கார் வாடகைக்கு விடுவதும் அவர் தொழில். மரத்தை விட்டுவிட்டுக் காரையே சுற்றி வந்தார். அண்ணி வழக்கம்போல் ஆரம்பித்தார்: துரு, பிரேக், கதவு. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "இன்ஜின் என்னாம்மா?" என்றார்.

"டீசல். வேன் இன்ஜின். பழைய இன்ஜின் இல்ல."

"டீசலா?" அவர் பல் தெரியச் சிரித்தார். "அப்ப நல்லதாப் போச்சு, செலவு கம்மி. மாப்ள ஊர்வலம் நடக்குற வேகத்துலதான போவுது, பிரேக்குக்கு என்னா வேல? கதவ ஒரு கயிறு போட்டுக் கட்டிக்கலாம். யாரு மாத்துனது? நல்ல வேலக்காரரு."

அண்ணி உள்ளே போய் ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் எடுத்துவந்து கொடுத்தார். எட்டு வருடத்தில் நடக்காதது கால் மணி நேரத்தில் முடிந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று வியாபாரி சொன்னபோது மட்டும் அண்ணி, "எதுக்கு? ஓடும், ஓட்டிக்கிட்டே போங்க" என்றார். புது பேட்டரி போட்டதும் கார் ஓடியது.

அடுத்த மாதம் எங்கள் பாதியில் கயிறு கட்டி, கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போட்டார். அவ்வளவு நாள் காத்திருந்த நான் கோட்டுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தேன். அஸ்திவாரத்தின் ஆழத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி வேலிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். "அது போதாதுங்க. முப்பது வருஷமா டீசலும் ஆயிலும் ஊறுன மண்ணு. அந்த மூலையில பலா வேரு வேற கெடக்கு. மழைக்காலத்துல தண்ணி நிக்கும், மேற்கால சொவுறு ஓதம் காக்கும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கொத்தனார் என்னைப் பார்த்தார். எனக்கு வந்த எரிச்சலில் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு, அண்ணி சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு தோண்டுங்கள் என்றேன்.