இரண்டே தடவை கூப்பிட்ட குரல்: கொல்கத்தா ஜீலில் ஒரு புதன்கிழமைப் படகுப் போட்டி

பாய்மரப் படகு என்றதும் எல்லோரும் கடலை நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஏறியது ஒரு ஜீலில். ஜீல் என்றால் ஏரிதான், கொல்கத்தாக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். இந்தப் பிப்ரவரியில் அலுவலக வேலையாகக் கோவையிலிருந்து பத்து நாள் அங்கே போனேன். பெஹாலாவில் சித்தி மகன் மோகன் வீடு இருக்கும்போது ஹோட்டலில் தங்கினால், அவன் ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டான். அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அலிப்பூரில் அரசு வேலை. புதன்கிழமை மட்டும் மதியமே ஆபீசுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் படகோட்டப் போய்விடுவான். "நீங்களும் வாங்கக்கா, ஏக்தம் ஜாலியா இருக்கும்" என்றான். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மோகனின் மகள் ஷாலினிக்கு, வீட்டில் ஷாலு, பத்தொன்பது வயது. தங்கமான பெண். ஆனால் அவளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல். நான் அவளுக்கு அத்தை. அவளோ வங்காளிப் பிள்ளைகளைப் போல "பிஷி, பிஷி" என்றே கூப்பிட்டாள்.

"அத்தைன்னு சொல்லேண்டி, வாய் சுளுக்கிக்குமா?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

"ஒத்தே" என்றாள். அந்த ஊரில் பழகிய அவள் நாக்குக்கு வார்த்தை முதலில் வரும் 'அ' எல்லாம் 'ஒ' ஆகிவிடுகிறது.

"நான் கல்யாணம் பண்ணாம ஒத்தையா இருக்கறது ஊருக்கே தெரியும். அதை நீ வேற ஏலம் போடணுமா?" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி பிஷிதான்.

வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மாஜேர்ஹாட்டில் மெட்ரோ ஏறினால் ஜோக்கா வரை நேராகப் போகலாம். வண்டிகள் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வரும், அவசரப்படாதீர்கள். ஜோக்காவிலிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் இன்னும் ஆறு கிலோமீட்டர் தெற்கே. தனியாக ஏறினால் நூறு ரூபாய் கேட்பான், நாலு பேரோடு ஏறினால் முப்பது. கிளப் என்று பெயர்தான். ஒரு தகரக் கொட்டகை, ஒரு டீக்கடை, தண்ணீருக்குள் நீளும் மரப்பலகை, அவ்வளவே. விருந்தினருக்கு இருநூறு ரூபாய், அதில் மிதவை உடுப்பும் டீயும் அடக்கம்.

பலகையில் நின்றிருந்த மோகனை டீக்கடையிலிருந்து கூப்பிட்டேன். "மோகன்!" அவன் திரும்பவில்லை. "மோகன்!" ஊஹூம். மூன்றாவது தடவைதான் திரும்பினான்.

"காது என்னடா ஆச்சு?"

"காது நல்லாத்தான் இருக்கு. இங்க தண்ணிப் பக்கம் முதல் ரெண்டு தடவைக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்கக்கா. நிஷி கூப்பிடும்."

"நிஷியா? எந்த நிஷி?"

"பேய்தான். தெரிஞ்சவங்க குரல்ல வந்து கூப்பிடும். ஆனா ரெண்டு தடவைதான், மூணாவது அதால முடியாது. பதில் சொன்னீங்கன்னா பின்னாலயே போய்டுவீங்க." சொல்லிவிட்டு அசடு வழிந்தான். எம்.எஸ்சி. பௌதிகம் படித்தவன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாலரைக்குப் போட்டி. ஆறு படகுகள், ஜெயிப்பவருக்கு ஒரு பெட்டி நோலன் குர் சந்தேஷ் என்கிற ஈச்சவெல்லப் பால் இனிப்பு, கடைசியில் வருபவர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்க வேண்டும். நானும் மோகனும் ஒரு படகில். ஷாலு அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனியாக, ஒற்றை ஆள் படகில். மோகன் அவள் உடுப்பின் வார்களை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தான். "தெற்கால நாணல் பக்கம் போகாத, மீன் வலை கட்டியிருக்கான்" என்றான். அவளுக்கு நீந்தத் தெரியும், வலைக்கு அது தெரியுமா? "துக்கா துக்கா" என்று துர்க்கையைக் கும்பிட்டுப் படகைத் தள்ளினான்.

இளங்காற்றில் பாய்மரம் ஓட்டுவது வேகமான விளையாட்டு என்று எண்ணிப் போகாதீர்கள். அசையக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, இருமினால்கூட மோகன் முறைத்தான். பாய் சாயும் பக்கமாகவே இருவரும் ஒடுங்கி உட்கார வேண்டும், அப்போதுதான் துணி தன் கனத்தில் உப்பி நிற்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் படகின் பின்பக்கம் ஓர் ஊதுபத்தி செருகியிருந்தான். எதிர்க்கரையில் துணி துவைப்பவளின் வளையல் சத்தம் காதருகில் கேட்டது. இருபது நிமிடம் அப்படிப் போனோம். நிஜமாகவே சுகமாக இருந்தது.

ஐந்து மணி வாக்கில் காற்று நின்றது. தண்ணீரிலிருந்து பனி எழும்பியது. முதலில் மற்ற படகுகளின் அடிப்பாகம் மறைந்தது, பிறகு பாய்கள், பிறகு கரை. வளையல் சத்தமும் நின்றுவிட்டது. ஊதுபத்திப் புகை நூல் கட்டியதுபோல நேராக மேலே போனது. மோகன் தலையைத் திருப்பித் திருப்பி ஷாலுவைத் தேடினான்.

"அத்தே!"

தெளிவாகக் கேட்டது. பெண் குரல், இளம் குரல். எங்களுக்கு இடப்பக்கம், நாணல் இருக்கும் திசை. நான் வாயைத் திறப்பதற்குள் மோகன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

"அத்தே!"

"ஷாலுடா அது!"

"இல்லக்கா. ஷாலு எப்ப உங்கள அத்தைன்னு கூப்பிட்டா?" அவனுக்குப் பல் கிட்டித்தது. "மூணாவது கேக்கட்டும். ப்ளீஸ்."

காத்திருந்தோம். மூன்றாவது வரவில்லை. பாய் துணி தொங்கிக் கிடந்தது. ஆனால் ஊதுபத்திப் புகை மட்டும் மெதுவாக வளைந்து நாணல் பக்கம் சாய்ந்தது. கன்னத்தில் எனக்குக் காற்றே படவில்லை. பயந்தேன், ஒப்புக்கொள்கிறேன். பயத்தைவிடக் கோபம் அதிகம் வந்தது. பெற்ற மகள் கூப்பிடும்போது இவன் கணக்குப் பார்க்கிறானே! உயிர் பயத்தில் பிள்ளைக்குத் தமிழ் வந்திருக்காதா?

"வர்றேண்டி கண்ணு!" என்று கத்தினேன். "துடுப்பை எடுடா, எருமை!"

புகை சாய்ந்த பக்கமாகவே துடுப்புப் போட்டோம். நாணல் ஓரத்தில் அவள் படகு ஒருக்களித்துக் கிடந்தது. சுக்கானில் சிக்கிய வலையை எடுக்கக் குனிந்தபோது கவிழ்ந்திருக்கிறது. வலை காலில் சுற்றிக் கீழே இழுக்க, மிதவை உடுப்பு மேலே இழுக்க, உதடு வரைக்கும் தண்ணீரில் நின்றிருந்தாள். மோகன் குதித்துவிட்டான். நான் அவள் உடுப்பின் கழுத்துப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வலையை அறுத்து அவளை ஏற்றியதும் மோகன் அவளைக் கட்டிக்கொண்டு வங்காளியில் அழுதான்.

கொட்டகையில் கம்பளி போர்த்தி டீ கொடுத்தோம். "நல்லவேளை, அத்தைன்னு கூப்பிட்டியே, ராசாத்தி" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நான் கூப்பிடல, பிஷி. வாயத் தொறந்தா ஜல் உள்ள போச்சு. கத்தவே முடியல." கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க 'வர்றேன்'னு சொன்னது கேட்டுச்சு. யாருக்குச் சொன்னீங்க?"

மோகன் எழுந்து வெளியே போய்விட்டான். சந்தேஷ் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹவுராவில் ரயில் ஏறும்போது ஷாலு என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகவே, முயன்று சொன்னாள்: "போய்ட்டு வாங்க, ஒத்தே." இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். ஒத்தே. எவ்வளவு முயன்றும் அதுதான் வந்தது. பனிக்குள் கேட்டது அப்படி இல்லை. 'அ' சுத்தமாக இருந்தது, கோவையில் பிறந்த பிள்ளை சொன்ன மாதிரி. ரயில் கரக்பூர் தாண்டும்வரை அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போங்கள், ஏப்ரல் வந்தால் மாலைப் புயல் ஆபத்து. கொசுமருந்து அவசியம். மிதவை உடுப்பின் வாரை நீங்களே சரிபாருங்கள். நாணல் பக்கம் வேண்டவே வேண்டாம், தனியாக எவ்வளவு கெட்டிக்காரரும் போக வேண்டாம். பனிக்குள் உங்கள் பெயரை யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குக் காத்திருங்கள் என்று அந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.