மீன்பெட்டியில் பொரித்த குஞ்சுகள்

புனிதவதி வளர்த்த கம்பத்து நாட்டுக்கோழிகளைத் தெருநாய்கள் ஒரே பகலில் தீர்த்துவிட்டுப் போயிருந்தன. அந்த நேரத்தில் அவள் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ரவீந்திரன் ரத்தம் கழுவும் நிலையத்தில் ஊசி ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரை ஒட்டிய தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு அவர்களுடையது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை மரங்கள். நாய்கள் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கூரைமேல் ஏறித் தப்பிய ஒரு பெட்டையும் ஒரு சேவலும்தான் மிச்சம்.

வேலை முடிந்து வந்தவள் உடுப்பைக்கூட மாற்றாமல் இறகுகளைக் கூட்டி அள்ளினாள். அழுகை வரவில்லை. நாளைக்கு இவருக்கு எதைக் கொடுப்பது என்பதுதான் முதலில் தோன்றியது. தினமும் முட்டையின் வெள்ளைக் கரு சாப்பிட வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தாள். கடை முட்டை என்றால் ரவீந்திரனுக்குக் குமட்டும்; கம்பத்துக் கோழி முட்டை மட்டும்தான் தொண்டைக்குள் இறங்கும். பக்கத்து வீட்டுப் பிரேமலாவும் கோழி வளர்க்கிறாள், கேட்டால் கொடுப்பாள்தான். ஆனால் எத்தனை நாளைக்குக் கேட்பது? சந்தையில் குஞ்சு வாங்கி விட்டால் சீக்கு வந்து சாகும். அதையும் ஒருமுறை பார்த்தாயிற்று.

"இருக்கிற பெட்டையும் அடைக்கு உக்காந்தா முட்ட நின்னுரும். நம்மளே பொரிக்க வைப்போம் புனிதா. மீன்பெட்டி ஒண்ணு கெடச்சா போதும்லா," என்றார் ரவீந்திரன்.

அவளுக்குப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஜீவனா என்று அலுப்பாக இருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியை இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டிய மனிதர் அவர். சிறுநீரகம் போனபின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர், பெரும்பாலும் சன்னலைப் பார்த்தபடியேதான் இருந்தார். செய்வோம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு வெகுநாளாகிவிட்டது. அதனால் மறுநாள் தொழிற்சாலைப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மீன்கடைக்குப் போய், ஐஸ் போட்டு மீன் வரும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் கவிச்சி போகவில்லை.

பல்புக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. இப்போது வருகிற பல்புகள் வெளிச்சம் தருகின்றனவே தவிரச் சூடு தருவதில்லை. கம்பி சிவக்கிற பழைய பல்பு வேண்டும். மூன்று கடைகளில் இல்லை என்றார்கள். நான்காவது கடைச் சீனர் ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த இரண்டு பல்புகளை எடுத்துத் தந்தார். சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் ஏற்றும் சிறு கருவியை ஜோகூரில் வேலை செய்யும் மகள் அன்பரசி தபாலில் அனுப்பி வைத்தாள். காற்றைச் சுற்றவிடப் பழைய கம்ப்யூட்டரின் விசிறி பிரேமலா வீட்டில் கிடைத்தது.

வயர் வேலை ரவீந்திரனுக்குத் தெரியும். லோரியின் வயர் கோளாறுகளை எல்லாம் தானே பார்த்தவர். ஆனால் ஊசி ஏற்றும் இடது கையை அழுத்தக் கூடாது. வலது கை நடுங்கியது. ஆகவே அவர் நாற்காலியில் இருந்து சொல்ல, அவள் தரையில் உட்கார்ந்து செய்தாள். சிவப்பை அங்கே முறுக்கு, அங்கே இல்லை இங்கே என்று அவர் குரல் ஏறும். ஒருதரம் அவள் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ச் சோறு வடித்தாள். திரும்பி வந்தபோது அவர் தரையில் இறங்கி உட்கார்ந்து, பல்லால் வயரைச் சீவிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து மிச்சத்தை முடித்தார்கள்.

முதல்முறை வைத்த முட்டைகள் வீணாய்ப் போயின. ஒரு வாரம் கழித்துக் கைப்பேசி வெளிச்சத்தை அடியில் பிடித்துப் பார்த்தார்கள். நரம்பு ஓடியிருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ரத்த வளையம் மட்டும் தெரிந்தது. சூடு பார்க்கும் கம்பி பல்புக்குப் பக்கத்தில் தொங்கியதால் கருவி சீக்கிரமே பல்பை அணைத்திருக்கிறது. முட்டைகள் கிடந்த மூலையில் சூடே எட்டவில்லை. புனிதவதி அவற்றை வாழைமரத்தடியில் புதைத்தாள். பெட்டியைக் குப்பை லோரியில் போட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கு இருந்தது. ரவீந்திரனோ கம்பியை முட்டை மட்டத்துக்கு இறக்கிக் கட்டி, உள்ளே ஈரம் காயாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிய சார்டின் மீன் டின்னை மூலையில் வைத்து, மறுபடியும் முட்டை சேர்க்கத் தொடங்கியிருந்தார்.

இரண்டாவது முறை பன்னிரண்டு முட்டைகள். பாதி அவர்களுடைய பெட்டை இட்டவை, பாதி பிரேமலா கொடுத்தவை. புரட்டியது தெரிவதற்காக முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி. விடியலில் பஸ் வருமுன் அவள் புரட்டுவாள். பகலில் அவர் புரட்டுவார். ரத்தம் கழுவப் போகும் நாளில் பிரேமலா வந்து புரட்டிப்போட்டுப் போவாள். இந்த முறை நரம்பு பிடித்தது. வேர் விட்டாற்போல் சிவப்பாக ஓடிய நரம்புகளுக்கு நடுவே ஒரு கரும்புள்ளி அசைவதை ரவீந்திரன் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அசதியில் கண் எரிந்துகொண்டிருந்தாலும் அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதன்பின் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி சேர்ந்திருப்பதாகச் சொல்லி மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று பின்னால் கேட்டவர்களுக்கு அவளால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. தொழிற்சாலை, மருத்துவமனை, வீடு, பெட்டி. பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடம் தாண்டி, ரோட்டோரமாக நடந்து வந்தாள். வார்டில் அவர் கண் விழித்தால் முதலில் கேட்பது முட்டைகளைப் பற்றித்தான். நன்றாக இருக்கிறது என்பாள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று நினைப்பாள். நினைத்த மாத்திரத்தில் வெட்கமாகவும் இருக்கும்.

ஒரு சாயங்காலம் இடியோடு மழை கொட்டியது. நனைந்து வீட்டுக்கு வந்தால் வீடே இருட்டு. மின்சாரம் தடைபட்டிருந்தது. பெட்டிக்குள் கை விட்டாள். முட்டைகள் ஜில்லென்று இருந்தன. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தன என்று தெரியாது. அடுப்பில் வெந்நீர் வைத்து, காலி சோடாப் போத்தல்களில் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கி, மேலே அவருடைய கம்பளியைப் போர்த்தினாள். அப்புறம் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈர உடுப்பு உடம்போடு ஒட்டியிருந்தது. மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் எழ முடியவில்லை. மெழுகுவத்தியோடு வந்த பிரேமலா அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்து தலையைத் துவட்டிவிட்டாள்.

"செத்தா சாவட்டும்கா. நீங்க மொதல்ல சாப்புடுங்க," என்றாள்.

எல்லாமே செத்துவிடவில்லை. சில நாள் கழித்து, வார்டிலிருந்து திரும்பிய ஒரு மதியம், கதவைத் திறக்கும்போதே உள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டது. பெட்டி மூடியில் பதித்திருந்த கண்ணாடி வழியே பார்த்தாள். இரண்டு குஞ்சுகள் ஈரத்தோடு தள்ளாடிக்கொண்டிருந்தன. இன்னும் சில ஓடுகளில் கீறல் விழுந்திருந்தது. டின்னில் தண்ணீர் வற்றியிருந்ததைக் கவனித்தாள். அதனால் ஒரு முட்டையில் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிப் போயிருந்தது. அலகு மட்டும் வெளியே நீட்டித் திறந்து மூடியது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி, நகத்தால் ஓட்டை உரித்தாள். அவசரப்பட்டால் ரத்தம் கசியும் என்று ரவீந்திரன் முன்பே சொல்லியிருந்தார். அவசரப்பட அவளிடம் தெம்பும் இல்லை. பிற்பகல் முழுவதும் அந்த ஒன்றுக்கே போயிற்று. வெளியே வந்ததற்குக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. பிளாஸ்டரைக் கிழித்து இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினாள்.

ஏழு குஞ்சுகள் தேறின. செய்தி சொன்னபோது ரவீந்திரன் சிரித்தார். மற்ற ஐந்தும் என்ன ஆயின என்று கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பாதியாகியிருந்தார். குஞ்சுகள் இருந்த அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். கால் கட்டிய குஞ்சு இப்போது மற்றவற்றோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நாள் போனதும் மெல்ல, அடுத்த தரம் இருபது வைக்கலாம், பெட்டியில் இடம் இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

புனிதவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை அப்படியே மடியில் வைத்தாள்.

"என்னால முடியாதுங்க. உங்களையும் பாத்து அந்தப் பெட்டியையும் பாக்க என் ஒடம்புல தெம்பு இல்ல. இதுவரைக்கும் சொல்லல. இப்ப சொல்றேன்."

குரல் உயரவில்லை. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்களுக்குக் கீழே இருந்த கருமையை அன்றுதான் பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாம்லா புனிதா," என்றார். குஞ்சுகள் பக்கம் திரும்பி, "பெட்டிய பிரேமலாகிட்ட குடுத்துரு. அவளுக்கு வயர் வேல சொல்லித் தர்றேன்," என்றார்.

அப்படியே ஆயிற்று. பிரேமலா சுவருக்கு அந்தப் பக்கம் முட்டை வைத்தாள். சந்தேகம் வந்தால் வேலி ஓரம் நின்று கேட்பாள். ரவீந்திரன் கைத்தடியை ஊன்றிப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வருவார். குஞ்சுகள் வளர்ந்தன. அவற்றில் மூன்று சேவலாகப் போனதில் புனிதவதிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மீதிப் பெட்டைகள் முட்டையிட இன்னும் மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் பிரேமலாவின் முட்டைகள் வேலிக்கு மேலாக வந்துகொண்டிருந்தன.

தீபாவளிக்குத் தொழிற்சாலை இரண்டு நாள் விடுமுறை விட்டது. முறுக்கு சுடவேண்டும் என்று எண்ணெய் வாங்கி வைத்திருந்தவள், மதியம் சற்றுத் தலை சாய்க்கலாம் என்று படுத்தாள். எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பின்கட்டில் கோழிகளுக்குத் தீனி போட்டாகியிருந்தது; தண்ணீர்த் தட்டு நிரம்பியிருந்தது. பாதித் தீனி தரையில் சிந்திக் கிடந்தது. ரவீந்திரன் வாசற்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டிருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. தலைமுடியை முடிந்துகொண்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.