ஒன்றே முக்கால் மணி நேரம்

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. ஹைதராபாத்தில் லோத்குண்டா பக்கம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அப்பா இறந்துவிட்டதாகத் தூத்துக்குடியிலிருந்து தம்பி போன் செய்தான். கைப்பேசியில் தேடினேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணி என்று காட்டியது.

"மத்தியானம் வந்துருவேன். மூத்தவன் நான்தாம்ல கொள்ளி வைக்கணும்" என்றேன்.

விமான நிலையத்தில் இருந்த பெண், "டைரெக்ட் ஃப்ளைட் லேது அன்னா" என்றாள். சென்னையில் மாற வேண்டுமாம். போய்ச் சேர மாலையாகுமாம்.

சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது தம்பி மறுபடி அழைத்தான்.

"எண்ணே, அம்மாவுக்குச் சுகர் இருக்கு. அப்பாவ எடுக்காம பச்சத்தண்ணி தொடமாட்டேங்கா. நானே கொள்ளி வச்சிரட்டா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். அப்பா இருந்தவரை ஆறு வருடம் எட்டிப் பார்க்காதவன், கொள்ளியையாவது விடக்கூடாது என்று நினைத்தேன்.

"பிளேன்ல ஏறிட்டம்ல. இப்ப வந்துருவேன்" என்று பொய் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். பக்கத்தில் அம்மா இல்லை. மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

மறுநாள் காலை அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன். மூன்றாம் நாள் அம்மாவுக்கும் வைத்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்: "பிளேன் லேட்டாயிட்டு. அண்ணன் என்ன செய்வான், பாவம்."

இன்றுவரை நான் அவனைத் திருத்தவில்லை.