டால்பினுக்குப் பவுடர் போட்ட எங்கள் டைரக்டர்

இன்று அடையாறில் கடல் மாசு பற்றி ஒரு கூட்டம்.

மேடையில் ஓர் இளைஞர் ஸ்லைடு போட்டு அழகாகப் பேசினார். கடலில் என்ன விஷம் சேர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் டால்பினின் கொழுப்பைச் சோதித்தால் போதுமாம்.

கடைசியில் வருத்தப்பட்டார். "எழுபதுகள்ல மெட்ராஸ் கடல் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல நான் தேடின இடத்துல ஒரு சாம்பிள்கூட இல்ல. ஏன்னு தெரியல."

எனக்குத் தெரியுமே!

(மைக் கொடுத்திருந்தால் அங்கேயே கொட்டியிருப்பேன். கொடுக்கவில்லை. அதனால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.)

எழுபதுகளில் நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜூனியர். பெயர் வேண்டாம், விடுங்கள். மந்தைவெளியில் வீடு. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் டி.டி.டி. தான். கொசுவா, தூவு. மூட்டைப்பூச்சியா, தூவு. விருந்தாளி வருகிறாரா, அதற்கும் தூவு!

அந்த மருந்து லேசில் அழியாது. சாக்கடையில் தூவினால் கூவம், அடையாறு வழியாகக் கடலுக்குப் போகும். சின்ன மீன் தின்னும், அதைப் பெரிய மீன் தின்னும், அதை டால்பின் தின்னும். கடைசியில் அதன் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டால்பின் குட்டிக்குப் பால் கொடுக்கிற ஜீவன். பாலிலும் கொழுப்பு உண்டு. அப்படியானால் பாலில்?

இதுதான் என்னை அரித்த கேள்வி. டால்பினுக்காக மட்டுமில்லை. நானும் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சுவரிலும் அதே மருந்துதான் அடித்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் எலியட்ஸ் பீச்சில் ஒரு டால்பின் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. கண்ணாடி பாட்டில்களைக் கழுவி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

செத்து அதிக நேரம் ஆகவில்லை. பெண் டால்பின். அடிவயிற்றில் கை வைத்து மெல்ல அழுத்தினேன்.

பால் வந்தது.

குட்டி எங்கே தேடிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தேன். பாட்டிலைத் திறந்தேன்.

"இரும்மா! கையை வைக்காதே!"

டைரக்டர்! மைலாப்பூர்க்காரர். வெளிநாட்டில் படித்தவர். (படித்தார் என்று அவர்தான் சொல்வார்.)

"சீஃப் கெஸ்ட் வரார். அவர் கையால முதல் வெட்டு. ஆராய்ச்சித் தொடக்க விழா! பேப்பர்க்காராளைக் கூப்பிட்டிருக்கேன்."

"சார், வெயில் ஏறினா கெட்டுப்போயிடும் சார். ஒரே ஒரு துண்டு, ஒரு சொட்டுப் பால்..."

"எல்லாம் ஆகட்டும். நீ போய் டிபனைக் கவனி. பொம்மனாட்டி நீ ஒருத்திதானே இருக்கே!"

இரண்டு சவுக்குக் கழியை நட்டு, நடுவில் ரிப்பன் கட்டினார்கள். விருந்தாளிகளுக்கு ஒரு ஷாமியானா போட்டார்கள். கத்திக்கு ரோஜா மாலை போட்டார்கள். நான் கேசரியையும் பஜ்ஜியையும் காவல் காத்தேன். குழந்தைக்குக் கொடுக்கிற நேரம் தாண்டியதில் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சீஃப் கெஸ்ட் ஆடி அசைந்து மத்தியானம் வந்தார். ரிப்பனை வெட்டினார். பிறகு கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, பிறந்தநாள் கேக் வெட்டுவதுபோல டால்பினின் வயிற்றைக் கீறினார். கைதட்டல்! போட்டோ!

வயிற்றை அப்படியே திறந்து போட்டுவிட்டு எல்லோரும் ஷாமியானாவுக்கு வந்தார்கள். நான் பஜ்ஜி பரிமாறினேன். ஒருவர் சட்னி கேட்டார். அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கார் கிளம்பியதும் பாட்டில்களோடு ஓடினேன்.

டால்பின் வெள்ளையாக இருந்தது. தலை முதல் வால் வரை. கீறிய வயிற்றுக்குள்ளும், நான் அழுத்திப் பால் பார்த்த இடத்திலும் வெள்ளை.

எங்கள் ஆபீஸ் மேஸ்திரி கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன மேஸ்திரி இது?"

"சாருதாம்மா போடச் சொன்னாரு. ஈ மொய்ச்சிகினு இருந்துச்சி. மூட்டையோட கொட்டிட்டேன். இப்ப ஒரு ஈ கீதா பாரு!"

"என்ன பவுடர்?"

"டி.டி.டி. தான். வேற இன்னா?"

பின்னாலேயே டைரக்டர் வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"எடுத்துக்கோம்மா. இப்போ நீட்டா இருக்கு."

"சார், இது உடம்புல டி.டி.டி. இருக்கான்னுதானே சார் நாம பார்க்க வந்தோம்!"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு சொன்னார்:

"அப்போ நல்லதாப் போச்சு. கண்டிப்பாக் கிடைக்கும்!"

(இந்த மூளைக்குத்தான் ஆபீஸ் கார், டிரைவர், அறைக்கு வெளியே சிவப்பு விளக்கு.)

"முதுகுப் பக்கம் பவுடரைக் கழுவிட்டு, ஆழமா வெட்டி எடுத்துக்கறேன் சார். கொஞ்ச நேரம் கொடுங்க."

"நாத்தம் தாங்கலை. குழி வெட்டியாச்சு, மூடச் சொல்லிட்டேன்."

"அப்போ அடுத்த டால்பின் ஒதுங்கினா, எனக்கு மொதல்ல..."

"அடுத்தது எதுக்கு? தொடக்க விழா முடிஞ்சுடுத்து. போட்டோ நாளைக்குப் பேப்பர்ல வந்துடும். இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி?"

மூடிவிட்டார்கள். குழியையும் ஆராய்ச்சியையும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டேன். என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள்.

அன்று சாயங்காலம் காலி பாட்டில்களோடு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். மாமியார் வாசலிலேயே குழந்தையோடு நின்றார். "எங்கம்மா போனே? புள்ள அழுதழுது தொண்டையே கட்டிப்போச்சு."

காலைக்கூட அலம்பாமல் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டேன். குழந்தை ஆவலாக வாய் வைத்தாள்.

என் பாலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஊகித்துக்கொள்ளவாவது கிடைத்த ஒரு வழியையும் மண்ணைப் போட்டு மூடியாகிவிட்டது.

கொடுத்தேன். நீங்களாக இருந்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள்?