எடுக்கப்படாதவர்களின் கம்பெனி

டப்ளினில் யாராவது வேலையை விட்டால் கேக் வெட்டுகிறார்கள். மகள் கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டதை, வார்டில் என்னோடு இருக்கும் ஐரிஷ் நர்ஸிடம் சொன்னேன். துக்கமாகத்தான் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றாள். விளக்கத் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

மகள் கூடுவாஞ்சேரியில் அப்பாவோடு இருக்கிறாள். பொத்தேரியில் படிப்பு முடியும் முன்பே அவளுக்கு ஒரு நல்ல வேலை உறுதியாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆக்ஸிலரேட்டர் ஒன்று வந்தது. கம்பெனி தொடங்கும் யோசனையோடு வருகிறவர்களில் சிலரைப் பொறுக்கி, சில மாதம் பயிற்சியும் கொஞ்சம் முதலும் கொடுப்பார்களாம். இவளும் விண்ணப்பித்தாள். திருக்கழுக்குன்றம் மலையேறி அவள் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொல்லிக் கணவரை அனுப்பினேன். வேண்டுதல் என்னவென்று அவரிடம் சொல்லவில்லை. அவளை எடுக்கக் கூடாது என்பதுதான்.

எடுக்கவில்லை. ஃபோனில் அவள் சொன்னபோது என் நிம்மதியை மறைக்கப் பாடுபட்டேன். பிறகுதான் மீதியைச் சொன்னாள். நேர்காணல் அறைக்கு வெளியே காத்திருந்தபோது பழகிய மூன்று பேரும் இவளும், நால்வருமே எடுக்கப்படாதவர்கள், சேர்ந்து கம்பெனி ஆரம்பித்துவிட்டார்கள். வேலையையும் வேண்டாம் என்று எழுதிவிட்டாள்.

"அவங்களே வேணாம்னுட்டாங்களேடி."

"எடம் பத்து பேருக்குத்தாம்மா. வந்தவங்க அவ்ளோ பேரு. மீதிப்பேரு வூட்டுக்குப் போயி தூங்குவாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள், "நீ மட்டும் கவர்மெண்ட் வேலைய வுட்டுட்டு பிளேன் ஏறல?" என்றாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வேலையை நான் விட்டபோது இங்கே எனக்கொரு வேலை காத்திருந்தது. அவளுக்கு என்ன காத்திருக்கிறது? தேர்வாகிறவர்களை நினைத்துத்தான் பயந்திருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களையும் அந்தக் கம்பெனி ஆசை தொற்றும் என்று தெரியவில்லை.

மாமல்லபுரம் பக்கத்துக் கரைகளில் படகு சேர்ந்ததும், என்ன மீன் என்று வீடுகளுக்குத் தகவல் அனுப்பும் ஆப் அவர்களுடையது. வாடிக்கையாளர் போதவில்லை என்று சொந்தபந்தம் எல்லோரையும் சேர்த்திருக்கிறாள், என்னையும். நேற்றுக் காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஃபோன் அதிர்ந்தது. சங்கரா வந்திருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டது. கீழே ஆம், இல்லை. ஆம் என்றால் கரையில் மீன்காரி ஒருத்தி எனக்கு மீனை எடுத்துவைத்துக்கொண்டு வெயிலில் காத்திருப்பாள். இல்லை என்றால் மகளுக்கு ஒரு ஆள் குறையும். வெளியே மழை. இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தும், கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவிலேயே நின்றது.