நாலு எட்டு தூரம்

எங்கள் அத்தைக்கு வீட்டு நிலைப்படிதான் ஊர் எல்லை. அதைத் தாண்டி அவள் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் எடுக்கப் போக வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், முக்கியமாக என்னைப் போலப் பள்ளிக்கூடம் போக வேண்டாம். ஏழு வயதில் எனக்கு அவள்மேல் இருந்தது பொறாமைதான்.

அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்காள். மாமா பினாங்கில் கடை வேலையில் இருந்ததால் அத்தை எங்களோடுதான் இருந்தாள். நான் பிறந்த வருஷம் அறந்தாங்கிச் சந்தைக்கு பஸ்ஸில் போனவளுக்கு, வழியில் நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, உயிரே போகப்போகிறது என்று தோன்றியிருக்கிறது. நடுவழியில் இறக்கி வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அதற்குப் பிறகு பஸ் வேண்டாம் என்றாள். அப்புறம் குளத்தங்கரை வேண்டாம் என்றாள். கடைசியில் வாசலே வேண்டாம் என்றாகிவிட்டது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இருதயம் கல்லுப்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இன்று அந்தப் பயத்துக்குப் பெயரும் உண்டு, வைத்தியமும் உண்டு. அன்று எங்கள் ஊரின் கைவசம் இருந்த பெயர்கள் இரண்டுதான்: ஒன்று பேய், இன்னொன்று பாசாங்கு. பேய் என்றவர்கள் தாயத்தாவது கட்டினார்கள். பாசாங்கு என்றவர்கள் அதற்குக்கூட மெனக்கெடவில்லை.

அப்படியிருக்கும்போது சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடியது. எங்களில் மாப்பிள்ளை வீட்டில்தான் கல்யாணம். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் மற்ற இரண்டும் நாத்தனார் கையால்தான் விழ வேண்டும். வேறு யாராவது போடட்டும் என்று அத்தையே சொல்லிப் பார்த்தாள். சித்தப்பா கேட்கவில்லை. "அக்கா போடலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று ஒரே பிடியாக நின்றார். பெரியவர்கள் கூடி ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். கூரையோடு ஒட்டிப் பந்தல் போட்டுவிட்டால் பந்தலும் வீடுதானே? நிலைப்படியிலிருந்து நாலு எட்டில் மணையைப் போட்டார்கள். ஊரே மெச்சிய யோசனை அது. அத்தையின் பயத்தை மட்டும் யாரும் கலந்து பேசக் கூப்பிடவில்லை.

மணமக்கள் வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கொட்டுமேளம் முழங்க, சித்தப்பா முதல் முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பட்டுச் சேலையும் மஞ்சள் பூசிய கையுமாக அத்தை நிலைப்படிக்கு உட்புறம் நின்றாள். நின்றாள் என்றால் நின்றவள்தான். முகமெல்லாம் வேர்த்து, கதவைப் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது. ஒரு காலைத் தூக்கினாள். தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தாள். மேளக்காரர்கள் களைத்துப்போனார்கள். "நல்ல நேரம் போகுது, வேற யாராச்சும் போடுங்கப்பா" என்று கூட்டத்தில் ஒரு குரல் கிளம்பியது. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது புதுப்பெண் திரும்பி அத்தையைப் பார்த்தாள். கல்யாணப் பெண் வாய் திறக்கிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. அவள் திறந்தாள்.

"நீங்க வரவேணாம் அண்ணி, நா அங்கிட்டு வாரேன்."

மணையை விட்டு எழுந்தால்தானே குற்றம்? அவள் எழவில்லை. இரண்டு கையாலும் மணையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே பின்னால் பின்னால் நகர்ந்தாள். தாலிக் கயிற்றின் நுனியை விட முடியாமல் சித்தப்பாவும் கூடவே தவழ்ந்து போனார். பந்தலே சிரித்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினேன். நிலைப்படியில் முதுகு தட்டியதும் அவள் கழுத்தைக் குனிந்து காட்டினாள். அத்தை உள்ளே மண்டியிட்டு உட்கார்ந்து, கையை மட்டும் வெளியே நீட்டி முடிச்சுப் போட்டாள். நடுங்குகிற கைக்கு இரண்டு முடிச்சு பெரிய வேலை. அது முடிகிறவரை அந்தக் கழுத்து அசையவில்லை.

சாயங்காலம் அத்தை மடியில் படுத்துக்கொண்டு, "நாலு எட்டுதானே அத்தை, கண்ண மூடிக்கிட்டு ஓடியாந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"ஆமாடி, நாலு எட்டுதான்" என்று என் தலையைத் தடவினாள்.

அந்த நாலு எட்டு எவ்வளவு தூரம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அத்தனை வருஷம் கூடவே இருந்த எங்கள் வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. அன்று காலையில் வந்த ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.